வீட்டுக்கு இன்னும் ஆறு கிலோமீற்றர்

பற்றிமாவுக்கு முப்பது வயதுவரை சைக்கிள் ஓடத் தெரியாது. டென்மார்க்கின் சில்க்போர்க்கில் வயதானவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கும் வேலைக்கு விண்ணப்பித்தபோது, "சைக்கிள் ஓடுவீர்களா?" என்று கேட்டார்கள். ஓம் என்று துணிந்து சொல்லிவிட்டு, பத்தே நாளில் ஒரு கார்த் தரிப்பிடத்தில் விழுந்தெழும்பிப் பழகினாள். பிறகு இருபத்தேழு வருடம் மழை, பனி பாராமல் உழக்கினாள். இந்த வீட்டில் மருந்து, அந்த வீட்டில் காலுறை மாட்டிவிடுவது. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் மணிக்கூட்டைப் பார்த்தபடி யாரோ ஒருவர் இருப்பார்.

ஐம்பத்தேழாவது வயதில் இரண்டு மாதம் சம்பளமில்லாத லீவு எடுத்தாள். போர்த்துக்கலில் தன் பெயர் கொண்ட மாதாவின் கோயிலைப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

"பிளேனிலை போனா அரை நாள்" என்றார் கணவர் யேசுரட்ணம்.

"போறது பிளேனிலைதான். வரேக்கைதான் சைக்கிள்."

அவர் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். மகள் றொஷானி டேனிஷில், "அம்மாவுக்குப் பைத்தியம்" என்றாள்; ஆனால் கூடாரத்தை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான்.

ஒன்பதாம் நாள் ஸ்பெயினில் ஒரு மலை. வெயில் தலையைப் பிளந்தது. மூன்று மணி நேரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினாள். பாதி வழியில், 'போதும், பஸ்ஸில் வந்துவிடுகிறேன்' என்று சொல்ல வீட்டுக்குப் போன் எடுத்தாள். யேசுரட்ணம் தொழிற்சாலையில் நின்றதால் போன் அடித்து ஓய்ந்தது. அவர் திருப்பி எடுத்தபோது அவள் உச்சியில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, எடுத்தனீரோ?"

"ஒண்டுமில்லை. சாப்பிட்டியளோ எண்டு கேக்கத்தான்."

பிரான்ஸில் பைன் காடு, பெல்ஜியத்தில் ஐந்து நாள் ஓயாத மழை, ஜெர்மனியில் எதிர்க்காற்று. அறுபத்தோராம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சில்க்போர்க்குக்கு ஆறு கிலோமீற்றர் தெற்கே விர்க்லுண்டில் ஏரிக்கரை வாங்கு ஒன்றில் வந்து உட்கார்ந்தாள். நாலு மணிக்குக் கோயில் மண்டபத்தில் வரவேற்பு. நாற்பது பேர் வருகிறார்கள்.

எழும்ப மனம் வரவில்லை. கால்கள் நன்றாகத்தான் இருந்தன. இரண்டு மாதம் யாரும் அவளை மணிக்கூட்டோடு எதிர்பார்த்திருக்கவில்லை. எங்கே படுப்பது, எதைச் சாப்பிடுவது என்ற இரண்டே கேள்விகளோடு வாழ முடியும் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. அந்த நாட்கள் இந்த வாங்கோடு முடிந்துவிடும் என்று நினைத்ததும் கண் கலங்கியது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு அழுகிறேனே என்று சிரிப்பும் வந்தது.

மூன்றரைக்குப் போன் அடித்தது.

"எங்கை நிக்கிறீர்? சனம் வரத் தொடங்கிட்டுது. பொரிச்ச றோல்ஸ் ஆறுது."

"விர்க்லுண்டிலை."

"அப்ப கிட்டத்தானே! ஏதும் உடைஞ்சுபோச்சோ?"

"இல்லையப்பா. முடியப்போகுது எண்டு... ஒரு மாதிரிக் கிடக்கு."

 போனில் யேசுரட்ணத்துக்குப் பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

"சரி. ஆறுதலா வாரும். நான் சனத்துக்கு அஞ்சரை எண்டு சொல்லுறன்."

"என்னெண்டு சொல்லுவியள்?"

"காத்துப் போச்சு எண்டு சொல்லுறன். ரெண்டு சில்லும்."

பற்றிமா வாய்விட்டுச் சிரித்தாள். அந்த ஏரியை இரண்டு தடவை ஆறுதலாகச் சுற்றினாள். ஓரிடத்தில் சப்பாத்தைக் கழற்றித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். பிறகு ஏறி உழக்கினாள்.

மண்டப வாசலில் கைதட்டல் வானைப் பிளந்தது. தமிழ்ச் சங்கத் தலைவர் பஸ்தியாம்பிள்ளை மாலையைப் போட்டு, ஹெல்மெற்றில் சிக்கவைத்து, எடுக்கத் தெரியாமல் நின்றார். அருமைநாயகி அக்கா சில்லுகளை அமத்திப் பார்த்து, "காத்து நல்லாத்தானே கிடக்கு!" என்று உரத்துச் சொன்னார். யேசுரட்ணம் அவசரமாகத் தேத்தண்ணி எடுக்கப் போனார்.

பற்றிமாவுக்கு அகோரப் பசி. மாலையோடேயே இருந்து சாப்பிட்டாள். சுற்றி நின்றவர்கள் கேள்வி கேட்கக் கேட்க, வாய் நிறைய வைத்துக்கொண்டு ஸ்பெயின் மலையிலிருந்து கதையைத் தொடங்கினாள்.