திலகவதி அளந்த கொடிகள்

புதன்கிழமை காலை கொட்டாஞ்சேனையில் ஒரு மருந்துக்கடை வரிசையில் நின்றபோது திலகவதியின் தங்கை தொலைபேசியில் அழைத்தார். "அண்ணா, அக்கா விடியக்காலமை போயிட்டா. நித்திரையிலயே." துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது திலகவதிமேல் எரிச்சல். வெள்ளவத்தைக்குப் போகும் பஸ்ஸிலும் அது தணியவில்லை. திலகவதியை அறிந்த உங்களுக்கு நான் இப்படி எழுதுவது பிடிக்காமல் போகலாம். ஆனால் இனிக்க இனிக்க எழுதினால் அவரே சிவப்புப் பேனையால் வெட்டியிருப்பார்.

கொழும்பில் ஒரே தாவரநோய் ஆய்வுகூடத்தில் நாங்கள் இருவரும் பத்தொன்பது வருடங்கள் வேலை செய்தோம். போர்நிறுத்தத்தால் வடக்குக்கான பாதை திறந்திருந்த காலத்தில் ஒருநாள், உரும்பிராயிலிருந்து கணேசலிங்கம் என்ற விவசாயி உரப்பை ஒன்றோடு வந்தார். உள்ளே பட்டுப்போன திராட்சைக் கொடிகளின் அடித்தண்டுகள். முன்மேசையில் இருந்தவர் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "தண்ணி கூடிப்போச்சு. இல்லாட்டி பிழையாக் கத்தரிச்சிருப்பீங்க," என்றார்.

கணேசலிங்கம் அசையவில்லை. "ஐயா, ஒரே கிணத்துத் தண்ணி. ஒரே கத்தரி. வெட்டினதும் நான்தான். என்ர பழைய முந்திரிகைக் கொடி நிக்குது. நீங்கள் தந்த புது இனம் மட்டும் சாகுது. ஏன்?"

திலகவதி உள்ளிருந்து எழுந்து வந்து அவரை உட்காரவைத்தார். ஒரு தண்டை வாளால் குறுக்கே அறுத்தார். வெளிப்பக்கம் நல்ல மரம்; உள்ளே வளையமாகக் கறுப்புப் புள்ளிகள். "நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. எனக்குப் பதில் தெரியாது. தேடிப் பாக்கிறன்," என்றார்.

கத்தரித்த காயத்தின் வழியாகப் பங்கசு என்ற பூஞ்சை உள்ளே போகிறது என்பது எங்களுக்கு முன்பே தெரியும். ஆனால் காயம் எல்லா இனத்துக்கும் பொது. இரண்டு இனத்தின் தண்டுகளையும் மெல்லிய சீவல்களாக வெட்டி, நுணுக்குக்காட்டியின் கீழ் நீர் ஏறும் குழாய்களை அளந்தோம். மூன்று மாதம். அவர் அளந்ததை நான் திரும்ப அளந்தேன். புது இனத்தின் குழாய்கள் அகலம், பழையதின் குழாய்கள் ஒடுக்கம். பங்கசு நுழைந்ததும் கொடி தன் குழாய்களைத் தானே பிசின்போல ஒன்றால் அடைத்து அதை மறிக்கப் பார்க்கும். "ஒடுங்கின குழாயைக் கெதியா அடைக்கலாம். அகலமானதை அடைச்சு முடிக்கிறதுக்குள்ள அது அடுத்த கணுவுக்குப் போயிடும்," என்றார். உடனேயே, "இது ஒரு காரணம். ஒரே காரணம் எண்டு எழுதிப்போடாதேங்கோ," என்றும் சொன்னார்.

இந்தக் கவனம்தான் என்னைப் பல நாள் பல்லைக் கடிக்கவைத்தது. கொடிகளுக்கு நோயைக் கொடுத்துச் சோதிக்க நிலையத்தில் இடம் தரவில்லை. அவர் தன் வெள்ளவத்தை பிளாட்டின் மொட்டைமாடியில் சட்டிகளை அடுக்கினார். ஒரு வருடத்தில், எதிர்பார்த்தபடியே, புது இனம் வாடத் தொடங்கியது. எனக்குச் சந்தோஷம். அவரோ இலையோரங்களைக் காட்டினார். கடற்காற்றின் உப்பில் அவை கருகியிருந்தன. அத்தனை சட்டிகளையும் கவிழ்த்துக் கொட்டினார்.

"உங்களுக்கென்ன விசரா?" என்று கேட்டேன்.

"உப்பு எது, நோய் எது எண்டு தெரியாத முடிவில நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

கடலிலிருந்து எட்டத்தில், கொலன்னாவையில் தங்கை வீட்டு முற்றத்தில், முதலிலிருந்து தொடங்கினார். இந்தமுறை உப்பு இல்லை. முடிவு அதேதான்.

ஆனால் அதற்குள் புது இனக் கன்றுகளை இன்னும் பெருமளவில் வடக்குக்கு அனுப்புவதென்று மேலே தீர்மானித்துவிட்டார்கள். கூட்டத்தில் திலகவதி அறிக்கையை வாசிக்க, பணிப்பாளர் பாதியில் நிறுத்தி என் பக்கம் திரும்பினார். "நீங்களும் அளந்தீர்களா? இது நிச்சயமா?" என்று சிங்களத்தில் கேட்டார். என் பதவி உயர்வு அவர் கையில் இருந்தது. "இன்னும் கொஞ்சம் பார்க்கவேண்டும், சேர்," என்றேன். அறிக்கை அலுமாரிக்குள் போனது. கன்றுகள் லொறியில் ஏறின.

அன்று பின்னேரம் பஸ் தரிப்பிடத்தில் திலகவதி சத்தம் போடவில்லை. "மூண்டு மாசம் பக்கத்தில இருந்து அளந்தீங்கள். இன்னும் என்னத்தைப் பாக்கவேணும் எண்டாவது அவையளுக்குச் சொல்லியிருக்கலாமே," என்றார். நூறாம் நம்பர் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். அடுத்தநாள் என்னோடு வழமைபோலவே கதைத்தார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை செத்தவீட்டுக்குக் கணேசலிங்கம் வந்திருந்தார். திலகவதி அவருக்குத் தனியாகக் கடிதம் எழுதியிருந்தார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. "மிஸ் எழுதினதை நம்பி அரைவாசித் தோட்டத்தில பழசையே விட்டனான். அது நிக்குது. மற்றப் பாதி முழுக்கப் போச்சு," என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "எங்கட ஊரில மற்ற ஆக்களுக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்ல?"

அவருக்கு என்னிடம் பதில் இருந்தது. அவர் எங்கே தங்கியிருக்கிறார் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அடுத்தநாள் அவர் தங்கியிருந்த இடத்துக்குப் போய், என்னிடமிருந்த அறிக்கையின் பிரதியைக் கொடுத்தேன். கூட்டத்தில் நடந்ததையும் சொன்னேன். அவர் என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. பிரதியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

திலகவதியிடமிருந்து நான் வைத்திருப்பது ஆறுதல் தரும் எதுவும் அல்ல. பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்லாவிட்டால் தூங்கவிடாத ஓர் உறுத்தல். ஆகவே பிந்தியென்றாலும் என் பெயரோடு எழுதுகிறேன்: நானும் அளந்தேன். புது இனத்தின் குழாய்கள் அகலமாகத்தான் இருந்தன. அவர் சொன்னது சரி.