சமையலறையில் எடைபோட்ட குண்டுகள்

இதை எழுத உட்கார்ந்து, ஒரு வரிகூட எழுதாமல் எழுந்துபோன நாட்கள் அதிகம். சில வருடங்களாகவே இப்படித்தான். பட்டாளத்தில் இருக்கும் பிள்ளையைப் பற்றி அப்பன் எழுதப்போய் அவனுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். எட்டாவதோடு படிப்பை விட்டவன் எழுதினால் யார் படிப்பார்கள் என்ற கூச்சம் இன்னொரு பக்கம். இப்போது அவன் பட்டாளத்திலிருந்து வந்துவிட்டான். யார் பெயரும் போடாமல் எழுதிக்கொள் என்று சொல்லியும் விட்டான். ஆண்டவர் என் கையைப் பொய்யிலிருந்து காக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன்.

நாங்கள் கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய பழைய லைன் வீட்டில் இருக்கிறோம். சுரங்கம் மூடும்வரை நான் கீழே இறங்கி வேலை செய்தவன். அப்புறம் தினமும் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய் ஒரு துணிக் கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்தேன். எங்களுக்கு ஒரே மகன். பட்டாளத்தில் ஸ்னைப்பராக இருந்தான். வெகு தூரத்தில் ஒளிந்து படுத்து ஒரே குண்டில் குறியை அடிப்பதுதான் அவன் வேலை. அது பாவமில்லையா என்று பாதரிடம் ஒருமுறை கேட்டேன். அவனுக்காக ஜெபமாலை சொல்லுங்கள் என்றார். இன்றுவரை சொல்கிறேன்.

அந்த முறை லீவில் வந்தபோது அவன் ஒரு விஷயம் சொன்னான். ஸ்னைப்பர்களுக்குப் புதிதாகத் தோட்டா வாங்கப் போகிறார்கள். சில கம்பெனிகளின் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முடிவு ஆபீசர்களுடையது. ஆனால் அனுபவமுள்ள சிலர் சுட்டுவிட்டு எது சரி என்று சொல்ல வேண்டும். அந்தச் சிலரில் இவனும் ஒருவன். லீவு முடிந்து போனதும் அந்த வேலைதான்.

துப்பாக்கி நல்லதாக இருந்தால் போதாதா, தோட்டாவில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னான். ஒரு தோட்டாவுக்கும் அடுத்த தோட்டாவுக்கும் வித்தியாசமே இருக்கக்கூடாதாம். உள்ளே வெடிமருந்து கொஞ்சம் கூடினாலும், முன்னால் இருக்கும் குண்டின் எடை துளி குறைந்தாலும், கிட்டத்தில் சுடும்போது தெரியாது. கிலோமீட்டர் தாண்டினால் குண்டு குறியை விட்டுப் பக்கத்துப் பாறையில் போய் அடிக்கும். சத்தம் வந்த இடத்தை எதிராளி பார்த்துவிடுவான்.

"தப்புன குண்டு அவன சாவடிக்காது நைனா, என்னத்தான் சாவடிக்கும்" என்றான்.

அன்றிலிருந்து என் ஜெபத்தில் தோட்டாவும் சேர்ந்துகொண்டது.

அதே வாரத்தில்தான் அவனுடைய கூட்டாளி ஒருவன் வந்தான். அடுத்த லைன்காரர் மகன். என் மகனோடு படித்தவன், ஒரே நாளில் இருவரும் கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கினார்கள். பெங்களூருக்கு வெளியே ஒரு தோட்டாக் கம்பெனியில் வேலை செய்கிறான் என்பது எனக்கு முன்பே தெரியும். அந்தக் கம்பெனியின் தோட்டாவும் தேர்வுக்கு வருகிறது என்பது தெரியாது. மகன் வாய் தவறிச் சொன்னபோதுதான் தெரிந்தது.

வாட்ச்மேன் வேலை பார்த்த கண்ணுக்கு எல்லாமே தப்பாகத் தெரியும் என்று என் வீட்டுக்காரி சொல்வாள். இருக்கலாம். வருஷக்கணக்கில் எட்டிப் பார்க்காதவன் இப்போது ஸ்வீட் பாக்ஸோடு ஏன் வருகிறான்? வந்ததும் இருவரும் போனை அணைத்து அரிசி டிரம்மில் போட்டு மூடிவிட்டு ஏன் பேசுகிறார்கள்? நான் காபி கொண்டுபோனால் பேச்சு ஏன் பேத்தமங்களா ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்று மாறுகிறது? ஸ்வீட் பாக்ஸை நான் தொடவில்லை. அடியில் வேறு எதுவும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். மைசூர்பாகுதான் இருந்தது.

ஜெபமாலையில் எந்த மணியில் இருக்கிறேன் என்பதே மறந்துபோகும் அளவுக்கு இது என்னைப் பிடித்துக்கொண்டது. ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்தேன். கூட்டாளியும் வந்திருந்தான். சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டாமல் திறந்துவிட்டேன்.

மேடைமேல் நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஒரு சின்னத் தராசு. பக்கத்தில் பிஸ்கட் டப்பா. அதில் இரண்டு பொட்டலம். செம்பு நிறத்தில், சுண்டுவிரல் போல் கூராக, பளபளவென்று குண்டுகள்.

"அவங்கிட்ட இன்னாடா வாங்குன?" என்று மகனைக் கேட்டேன்.

கூட்டாளி எழுந்து நின்றுவிட்டான். மகன் எழவில்லை.

"ஷிப்ட் முடிஞ்சி வெளிய வர்றப்ப கேட்ல உன் வாயத் தொறந்து பாப்பாங்களே நைனா. தங்கம் வெச்சிருக்கியான்னு. அத சொல்லிச் சொல்லி அழுவியே. இப்ப நீ என்ன அந்த கேட்ல நிக்க வெக்கிற" என்றான்.

கூட்டாளிதான் என்னைப் பிடித்து உட்காரவைத்து, மாமா, நீங்களே பாருங்க என்று குண்டுகளை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தான். மருந்தில்லாத வெறும் குண்டுதான், பயமில்லை என்றான். முதல் பொட்டலத்தில் எல்லாம் ஒரே எடை. இரண்டாவதில் ஒவ்வொன்றும் வேறு வேறு எண் காட்டியது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வகை. சோதனைக்கு அனுப்பும் பெட்டிக்கென்று ஆளை உட்காரவைத்து, ஒவ்வொன்றாக எடைபோட்டு, ஒத்துப்போவதை மட்டும் பொறுக்கி எடுக்கிறார்களாம். ஆர்டர் கிடைத்த பிறகு பட்டாளத்துக்குப் போகப்போவது இரண்டாவது பொட்டலத்தில் இருக்கும் மாதிரிதான். பொறுக்கும் வேலையில் இவனையே உட்காரவைத்திருக்கிறார்கள். கை ஓடவில்லை, இதை வைத்துச் சுடப்போவது நம்மாளுதானே மாமா என்றான். வேலை போனாலும் பரவாயில்லை, பெயர் மட்டும் வெளியே வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டான்.

டப்பாவை மகனிடம் விட்டுவிட்டுப் போனான். அதை ஆபீசரிடம் காட்டுவதாக இருந்தது. நான் நம்பினேனா என்றால், பாதிதான். போட்டிக் கம்பெனி அனுப்பிய ஆளாக இருந்தால்? அன்று சாயந்திரம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் எங்கள் லைனுக்குள் ஒரு போலீஸ் ஜீப் வந்தது. தண்ணீர்க் குழாய்ச் சண்டைக்கு வந்த ஜீப் என்று பிறகு தெரிந்தது. நானும் மகனும் கடைக்குப் போயிருந்தோம். என் வீட்டுக்காரி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவள் அப்பா வீட்டில் திருட்டுத் தங்கம் தேடி வந்து தரையைப் பெயர்த்துப் போட்டார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் பெயர் போய்விட்டது. ஜீப்பைப் பார்த்ததும் அவள் டப்பாவைக் காய்கறிப் பைக்குள் போட்டுக்கொண்டு நேராக, இப்போது வேலை நடக்காத பழைய ஷாப்ட்டுக்கு, சுரங்கத்துக்குள் ஆள் இறங்கும் ஆழக் குழிக்குப் போனாள். சுற்றுச்சுவர் இடிந்த பக்கமாக உள்ளே வீசிவிட்டு வந்துவிட்டாள். வீட்டில் இருக்கக்கூடாத பொருளை அந்தக் காலத்தில் எங்கள் ஜனம் அங்கேதான் போடும். ஷாப்ட்டுக்குள் போனதை எந்தப் போலீசும் தேட முடியாது.

நாங்கள் திரும்பியதும் சொன்னாள். மகன் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"போலீஸ் வந்த வூட்ல நான் ஒருக்கா இருந்துட்டன்டா. இன்னொருக்கா என்னால முடியாது" என்றாள். அழவில்லை. போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

மகன் வெறுங்கையோடுதான் பட்டாளத்துக்குத் திரும்பினான். அங்கே நடந்ததைப் பின்னால் சொன்னான். சுடுவதற்கு முன்பு எழுந்து நின்று, கம்பெனி கொண்டுவந்த பெட்டி வேண்டாம், அவர்கள் குடோனில் இருக்கும் பெட்டியை நாமே போய் எடுத்துவந்து சுடலாம் என்று கேட்டிருக்கிறான். ஏன், உனக்கு யார் என்ன சொன்னது என்று ஒரு ஆபீசர் துருவியிருக்கிறார். யாரும் சொல்லவில்லை சார், நாங்கள் சுடப்போவது குடோன் தோட்டாவைத்தானே என்று மட்டும் சொன்னானாம். உன்னை எந்தக் கம்பெனி பிடித்தது என்று முகத்துக்கு நேரே கேட்டார்களாம். நான் கேட்டதையேதான் அவர்களும் கேட்டிருக்கிறார்கள். வயதான ஒரு ஆபீசர், கேட்பதில் தப்பில்லையே என்றதால் எல்லாக் கம்பெனிக்கும் அப்படியே செய்தார்கள். அந்தக் கம்பெனித் தோட்டா குறியில் ஒரே இடத்தில் விழாமல் இங்கும் அங்கும் சிதறியது. முதல் நாள் சுமாராகத் தெரிந்த வேறொன்று குளிரிலும் வெயிலிலும் ஒரே மாதிரி போய் விழுந்தது. அதையே எடுத்தார்கள். என் மகன் உயிரோடு திரும்பி வந்திருக்கிறான். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

கூட்டாளி அந்தக் கம்பெனியில் இப்போது இல்லை. அவனாகவே விட்டானா, அனுப்பினார்களா, தெரியாது. கோயிலில் அவன் அம்மா எங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

இதற்குள் லைனில் வேறு கதை கிளம்பிவிட்டது. எங்கள் ஜன்னல் வழியாக யாரோ தராசையும் பளபளப்பையும் பார்த்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரி ஷாப்ட் பக்கம் போனதையும் பார்த்திருக்கிறார்கள். கோலார் ஜனத்துக்குத் தராசும் ஷாப்ட்டும் சேர்ந்தால் தங்கம்தான். கம்பெனிக்காரன் என் மகனுக்குத் தங்கக் கட்டி கொடுத்தானாம், போலீசுக்குப் பயந்து நாங்கள் ஷாப்ட்டில் போட்டோமாம். மாரிகுப்பத்திலிருந்து பெண் கொடுக்க வந்தவர்கள் காபி குடித்து முடித்துவிட்டு, எந்த ஷாப்ட்டுங்க அது என்று மெதுவாகக் கேட்டார்கள். அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று மகன் சொல்லிவிட்டான்.

யார் பார்த்தது என்று எனக்கு ஒரு யூகம் உண்டு. பூசையில் அந்த ஆளுக்குச் சமாதானம் சொல்லிக் கை கொடுக்கும்போதெல்லாம் உற்றுப் பார்ப்பேன். இந்தக் கெட்ட குணம் என்னை விட்டுப் போகவில்லை.

இதுவரை படித்த உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை வேறு யாருக்காவது சொன்னால், இருக்கிறபடியே சொல்லுங்கள். டப்பாவில் இருந்தது செம்புத் தோல் போட்ட ஈயக் குண்டு. அதை யாரும் விலையாகக் கொடுக்கவில்லை, என் மகன் எதையும் வாங்கவில்லை. போட்டவள் பயத்தில் போட்டாள். நல்லது செய்தோம் என்று எங்களைத் தூக்கிவைத்தும் பேச வேண்டாம். இதில் ஒரு குண்டுமணி தங்கத்தைக்கூடச் சேர்த்துவிடாதீர்கள்.