வெள்ளை கட்டாத ஜன்னல்

கையெழுத்து வாங்குவதில் இடலீனா ஃபர்ரோபோவை மிஞ்ச எங்கள் அல்மாடா ஊரில் ஆள் கிடையாது. பேருந்து நிறுத்தத்துக்குக் கூரை வேண்டும், தெருமுனை விளக்கு எரியவில்லை, எதுவானாலும் சரி, பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருடமாகச் சூப்பு கிளறும் அந்தக் கை ஒரு தாளையும் பேனாவையும் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டிவிடும். அடுப்பில் மீன் கருகுகிறது என்று நாம் சொன்னால் அவளுக்கு என்ன கவலை. போட்டுவிட்டுப் போய் மீனைப் பார் என்பாள். போடாமல் தப்பியவர் எங்கள் தெருவில் யாருமில்லை.

1999 செப்டம்பரில் திமோர் பற்றி எரிந்தது. போர்ச்சுகல்காரர்களான நாங்கள் நூற்றாண்டுக் கணக்கில் ஆண்டுவிட்டு, ஒருநாள் அப்படியே விட்டுவிட்டு வந்த தீவு அது. அங்கே ஜனங்கள் விடுதலைக்கு வாக்களித்தார்கள். அதற்காக, இந்தோனேசியப் படையின் தயவில் திரிந்த கும்பல்கள் அவர்கள் வீடுகளைக் கொளுத்துவதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுப் போர்ச்சுகல் முழுவதும் பொங்கியது. இடலீனா பிரதமருக்கு மனு எழுதினாள். உலக நாடுகளின் படையை இன்றே அங்கே அனுப்ப வையுங்கள், இல்லாவிட்டால் எங்களுக்குப் பதில் சொல்லுங்கள் என்பதுதான் அதன் சாரம். எழுதுபொருள் கடையில் இருந்த ஃபேக்ஸ் இயந்திரம் சூடாகித் தீய்ந்த வாடை வரும்வரை நியூயார்க்கில் இருக்கும் ஐ.நா. சபைக்குத் தாள் தாளாக அனுப்பினாள். இதெல்லாம் வேஷமில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். எரிந்த வீடுகளைப் பார்த்து அவள் தேம்பித் தேம்பி அழுததைப் பார்த்த அவள் கணவன் அனிபால், பயந்துபோய் டிவியையே அணைத்திருக்கிறான்.

புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு நாடே மூன்று நிமிடம் அசையாமல் நிற்பதென்று ஏற்பாடு. எல்லாரும் வெள்ளை உடுத்த வேண்டும், ஜன்னலில் வெள்ளைப் போர்வை தொங்கவிட வேண்டும். இடலீனா சும்மா இருப்பாளா? எங்கள் தெருவைப் படம் பிடிக்க டிவிக்காரர்களையே ஃபோன் போட்டு வரவழைத்துவிட்டாள். காலையிலிருந்து ஜன்னல் ஜன்னலாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தாள். ஒரே ஒரு ஜன்னல்தான் அவள் மானத்தை வாங்கியது. அதுவும் அவளுடைய கட்டடத்திலேயே, அவள் வீட்டுக்கு நேர் மேலே, மூன்றாவது மாடியில். அங்கே வெள்ளையைக் காணோம். கறுப்புச் சால்வை ஒன்று தொங்கியது.

அது சீனாக்காரி வீடு. நாங்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். விடியுமுன் ஆபீஸ்களைக் கூட்டிப் பெருக்கப் போகிறவள், சிறிய உருவம், படியில் எதிர்ப்பட்டால் சுவரோரம் ஒதுங்கி வழிவிடுவாள். மனுவுக்குக்கூட இடலீனா அந்தக் கதவை மட்டும் தட்டவில்லை. பாவம், சீனாக்காரிக்குத் திமோரைப் பற்றி என்ன தெரியப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

மூன்றாகப் பத்து நிமிடம் இருக்கும். டிவிக்காரர்கள் காமிராவை இறக்கினார்கள். இடலீனா நடுத்தெருவில் இடுப்பில் கைவைத்து நின்று மேலே பார்த்து ஆரம்பித்தாள்.

"ஏம்மா, மூணாவது மாடி! அங்க ஜனங்க செத்துக்கிட்டு இருக்காங்க. உனக்கு ஒரு போர்வை கட்ட மனசு வரலையா? இந்த ஊரு ரொட்டியத்தானே நீயும் திங்கிற?"

சிலர் சிரித்தோம். ஆமாம், நானும்தான். ஜன்னலில் அந்தப் பெண்ணின் முகம் தெரிந்தது, உடனே மறைந்தது. நானே போய்க் கட்டிவிட்டு வருகிறேன் என்று இடலீனா தன் வீட்டுப் போர்வை ஒன்றை எடுத்துக்கொண்டு படியேறினாள்.

கதவைத் திறந்தவள் தலை முதல் கால் வரை கறுப்பு உடுத்தியிருந்தாள். பின்னால், நாற்காலி ஒன்றின்மேல் டெலிஃபோனை வைத்து, அதற்கு எதிரே இன்னொரு நாற்காலி போட்டிருந்தது. இடலீனா வாயைத் திறக்குமுன் அவள் விரலை உதட்டில் வைத்தாள்.

"மெதுவாப் பேசுங்க, தோனா இடலீனா. ஃபோன் அடிச்சா காதுல விழணும்."

அவள் சொன்னது இவ்வளவுதான். சனிக்கிழமையிலிருந்து அம்மா வீட்டில் ஃபோனை யாரும் எடுக்கவில்லை. நேற்று ஆஸ்திரேலியாவில் டார்வினிலிருந்து உறவுக்காரர் ஒருவர் கூப்பிட்டு, தம்பியைக் கொன்றுவிட்டார்கள் என்றார். அம்மாவைப் பற்றி அவருக்கும் தெரியவில்லை.

"எங்க ஊர்ல சாவுன்னா கறுப்புதான். வெள்ளைய இன்னைக்கு என்னால கட்ட முடியாது."

எந்த ஊர் என்று இடலீனா கேட்கவேண்டியிருக்கவில்லை. ஆனாலும் கேட்டாள். திமோர் என்று பதில் வந்தது.

இடலீனாவின் முகத்தில் ஈயாடவில்லை. தெருவில் தான் கத்தியதெல்லாம் ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்து அறைந்தது. அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. அந்த நிலையிலும் மனசு ஒரு சாக்கைத் தேடியது பாருங்கள், அதுதான் கேவலம்.

"எனக்குத் தெரியாதும்மா. நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே," என்றாள் அவள். ஜசிந்தா என்பது அவள் பெயர். எட்டு வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் எங்களுக்கு அது தெரிந்தது.

"தொண்ணூத்தொண்ணு நவம்பர்ல. நான் புதுசா குடிவந்த வருஷம், டிவி கிடையாது. எங்க ஊர்க் கல்லறையில ஜனங்களைச் சுட்டதை ரெண்டாவது சேனல்ல காட்டப்போறாங்கன்னு சொன்னாங்க. என் அக்கா பையன் அந்தக் கூட்டத்துல இருந்தான். உங்க வீட்டுக் கதவைத் தட்டி, நான் திமோர்க்காரி, கொஞ்சம் பாத்துக்கட்டுமான்னு கேட்டேன். முதல் சேனல்ல நாடகம் ஓடுது, நாளைக்கு வான்னு சொல்லிட்டீங்க."

அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் இடலீனா பிழைத்திருப்பாள்.

கீழே யாரோ விசில் ஊதினார்கள். தெரு அடங்கியது. கார்கள் நின்றன, துறைமுகப் பக்கத்து இரைச்சலும் ஓய்ந்தது. இடலீனா மடித்த போர்வையை மார்போடு பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். அந்த மூன்று நிமிடமும் அவள் அந்த நவம்பரைத்தான் தேடினாள். நாடகம் நன்றாக நினைவு வந்தது. பண்ணைக்காரர் மகள் கல்யாணத்தன்று ஓடிப்போன கட்டம், அவள் காலில் செருப்புகூட இல்லை. தன் வீட்டுக் கதவைத் தட்டியவள் மட்டும் எவ்வளவு தேடியும் நினைவுக்கு வரவேயில்லை.