அத்தான் வாங்கிய கொச்சி வண்டி

பழைய லாரி பார்க்கப் போகும்போது அத்தான் ஒரு வெள்ளைக் கைக்குட்டை கொண்டுபோவார். நீலம் முக்கித் தேய்த்து, மடிப்புக் கலையாமல் சட்டைப் பையில் வைத்திருப்பார். வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுப் பின்னால் போய்க் குனிந்து, சைலன்சர் குழாயின் வாய்க்கு நேரே அதை விரித்துப் பிடிப்பார். உள்ளே இருப்பவர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கத் துணி படபடவென்று அடித்துக்கொள்ளும். பிறகு அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். சாம்பல் பூத்தது போலிருந்தால் எஞ்சினுக்கு ஆயுசு உண்டு. எண்ணெய்ப் பிசுக்கு தட்டுப்பட்டால் திரும்பியே பார்க்கக் கூடாது. இது அவர் கண்டுபிடித்த வித்தை ஒன்றும் இல்லை, பழைய வண்டி வாங்குகிற எல்லோரும் ஏதாவது ஒரு துணியைப் பிடித்துப் பார்ப்பார்கள். ஆனால் அத்தான் பார்த்த பிறகும் நம்பமாட்டார். பையிலிருந்து இரண்டாவது கைக்குட்டையை எடுப்பார். விற்க வந்தவர் முகம் போகிற போக்கைப் பார்த்து எனக்கு மானம் போகும்.

அத்தான் என்றால் என் அக்காவைக் கட்டியவர். திங்கள்நகர் பக்கம் வீடு. குளச்சலில் ஏலம் போகிற மீனை ஐஸ் போட்டுக் கொச்சிச் சந்தைக்கு அனுப்பும் வியாபாரிகளுக்கு லாரி விடுவது தொழில். லாரி என்று பன்மையில் நினைத்துவிட வேண்டாம், இருந்தது ஒன்றே ஒன்று. நான் வளைகுடாவில் கொஞ்ச காலம் வெயில் தின்றுவிட்டுத் திரும்பி வந்து, வேறு வேலை அமையாமல் அவருக்குக் கூடமாட ஓடிக்கொண்டிருந்தேன். ஆர்.டி.ஓ. ஆபீஸ், டயர் கடை, ஐஸ் கம்பெனி என்று எங்கே போனாலும் இருவருமாகத்தான் போவோம். தனியாகப் போக அவருக்குப் பயம்.

பயம் என்றால் அப்படியொரு பயம். மழை பெய்தால் வண்டி வழுக்கும் என்று பயம், வெயிலடித்தால் ஐஸ் உருகும் என்று பயம். வண்டி புறப்படும்போது அய்யாவழிக்காரரான அவர் "அய்யா உண்டு" என்று சொல்வதில் பக்தியைவிட நடுக்கம்தான் அதிகம் கேட்கும். அதைக் கேட்டு, குளச்சல்காரரான எங்கள் டிரைவர் அண்ணன் பதிலுக்குச் சிலுவை போட்டுக்கொள்வார். "மொதலாளி, ஒண்ணும் பயப்படாண்டாம். ஒங்க அய்யாவும் எங்க மாதாவும் சேந்து தள்ளினா வண்டி போவாதா?" என்பார். ஆம்பிளைகள் பயத்தை மீசைக்குள் மறைத்துக்கொண்டு திரிகிற ஊர் எங்களுடையது. அத்தானோ பசிக்கிறது என்று சொல்வதைப்போல, "எனக்கு பேடியா இருக்கு மக்கா" என்று யாரிடமும் சொல்லிவிடுவார். சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் தெளியும். அக்காதான் தலையில் அடித்துக்கொள்வாள். "இந்த மனுசனுக்க வெப்ராளத்துல எனக்கு பாதி தல நரைச்சு" என்பாள்.

அந்த ஒற்றை லாரியும் கிழடு தட்டி, பழைய இரும்புக்குப் போக வேண்டிய நிலைக்கு வந்த சமயத்தில்தான் புகை விதிகள் இறுகத் தொடங்கின. புதிய லாரிகளின் விலை அண்ணாந்து பார்க்கிற இடத்துக்குப் போயிற்று. விலையைவிட அத்தானை உலுக்கியது வேறொன்று. புது எஞ்சினில் கம்ப்யூட்டர் இருக்கிறதாம். ஏதாவது கோளாறு என்றால் டிரைவருக்கு முன்னால் மஞ்சள் விளக்கு எரியுமாம், வண்டி நடைவேகத்துக்கு இறங்கிவிடுமாம், கம்பெனி ஆள் லேப்டாப்போடு வந்தால்தான் சரியாகுமாம். சிமெண்டு ஏற்றிப் போகிறவனுக்கு இதில் ஒரு நாள் நஷ்டம், அவ்வளவுதான். சாளை மீன் ஏற்றிப் போகிறவன் கதி என்ன? ஆலப்புழைப் பக்கம் நடுரோட்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால் மொத்த லோடையும் குழி தோண்டிப் புதைக்க வேண்டியதுதான். அத்தான் மட்டும் இப்படி நினைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் லாரி வைத்திருந்தவர்கள், பெரிய கம்பெனிக்காரர்கள் உட்பட, அத்தனை பேரும் பழைய எஞ்சின் உள்ள வண்டிகளைத் தேடி அலைந்தார்கள். நாமக்கல்லில் பழைய வண்டி பார்ப்பது பெண் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது, நாம் யோசித்து முடிப்பதற்குள் வேறொருவன் பூ வைத்துவிட்டுப் போயிருப்பான்.

கடைசியில் கொச்சியை அடுத்த பெரும்பாவூரில் ஒரு வண்டி அமைந்தது. பத்து வயதை நெருங்கிக்கொண்டிருந்தாலும் கொச்சியில் ஒரே கையில் ஓடிய வண்டி. இரண்டு கைக்குட்டைகளும் சாம்பல் நிறமாகவே வந்தன. விலையும் நாமக்கல்லைவிட எவ்வளவோ குறைவு. ஏன் இவ்வளவு மலிவு என்று அத்தான் மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தார். மகன்கள் எல்லாம் துபாயில், ஓட்ட ஆளில்லை என்று சொல்லிச் சிரித்தார் விற்றவர். அக்காவின் பங்காக வந்த தென்னந்தோப்பை விற்றுத்தான் அந்த வண்டியை வாங்கினோம். கையெழுத்துப் போட்ட அன்று அக்கா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். இனி அந்த வண்டியாக்கும் எனக்க தோப்பு. அது நின்னா நான் கேப்பேன், பாத்துக்கிடுங்க." அத்தான் தலையாட்டினார். அன்று இரண்டு வேளையும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஒரு மழைக்காலம் போயிற்று, வண்டிக்குப் பத்து வயதும் தாண்டிற்று. அந்தச் சமயம் பார்த்து வந்தது தீர்ப்பாயத்தின் உத்தரவு. பத்து வருஷம் கடந்த பெரிய டீசல் வண்டிகள் கேரளத்தின் முக்கிய நகரங்களுக்குள் ஓடக் கூடாது, ஒரு மாதம்தான் அவகாசம். அந்த நகரங்களில் கொச்சியும் ஒன்று. பேப்பரை நான்தான் வாசித்தேன். அத்தான் இரண்டாவது முறை வாசிக்கச் சொன்னார். கொச்சியிலேயே ஓடி ஓடிப் புகை விட்ட வண்டி, இனி கொச்சிக்குள் போகக் கூடாது! பெரும்பாவூர்க்காரரின் சிரிப்பு எனக்கு அப்போதுதான் விளங்கியது. இங்கே மற்றவர்களும் எங்களைப்போலவே மலிவாகக் கிடைத்தது என்று கேரளத்து வண்டியாகப் பார்த்து வாங்கியிருந்தார்கள். எங்கள் எல்லோருக்கும் பிழைப்பு கேரளத்தில். மேற்கே போகாவிட்டால் அந்த வண்டிகளை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

அவகாசம் முடியும்வரைகூட வியாபாரிகள் பொறுக்கவில்லை. வழியில் மறித்தால் மீன் போச்சு என்று புது வண்டிகளுக்கு லோடை மாற்றிவிட்டார்கள். எங்கள் லாரி முற்றத்தில் வந்து நின்றது. அக்கா வாசலுக்கு வரும்போதெல்லாம் அதை ஒருமுறை பார்ப்பாள், அத்தானை ஒருமுறை பார்ப்பாள், உள்ளே போய்விடுவாள். கேட்பேன் என்று சொன்னவள் எதுவும் கேட்காததுதான் அவரை அதிகம் வதைத்தது என்று நினைக்கிறேன். ஊரில் ஒவ்வொருவராக விற்கத் தொடங்கினார்கள். கேரளத்து வண்டிகளைக் கல்குவாரிக்கு ஓட்டவும் உடைத்து விற்கவும் வாங்கிக்கொண்டிருந்தார் மார்த்தாண்டத்துப் புரோக்கர் ஒருவர். இன்றைக்கு ஒரு விலை, நாளைக்கு அதைவிடக் கம்மி. அத்தானும் அவரிடம் பேசினார். சரி, தந்துவிடுகிறேன் என்று ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டார்.

புரோக்கர் ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொன்ன அன்று அத்தான் உள் அறைக்குள் போய்ப் படுத்தவர்தான். போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டார். வண்டிப் புத்தகத்தை எடுத்துத் தரச் சொன்னேன். போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"விக்கதுக்கும் பேடியா இருக்கு, வச்சிருக்கதுக்கும் பேடியா இருக்கு. கையும் காலும் அசைய மாட்டேங்கு மக்கா. அவன்கிட்ட நான் இல்லன்னு சொல்லிரு."

சொன்னேன். மறுநாளும் சொன்னேன். புரோக்கருக்குச் சந்தேகம் வந்து போன் போடத் தொடங்கினார். எடுத்துப் பேசவும் அத்தானுக்குத் துணிச்சல் இல்லை, அணைத்துவைத்தால் ஏதாவது அவசரச் சேதி தவறிவிடும் என்றும் பயம். போனைத் துண்டில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்து மூடினார். அக்கா சோறு பொங்க நாழி எடுத்துக்கொண்டு போனால் அரிசிக்குள்ளிருந்து பாட்டுக் கேட்கும். "எடுத்து வேண்டாம்னாவது சொல்லுங்களேன்" என்று அவள் கத்தினாள். புரோக்கர் டிரைவர் அண்ணனிடம் சொல்லியனுப்பி விலையைக் கூட்டினார். அத்தான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அந்த ஆளைப் போர்வையோடு தூக்கிக்கொண்டுபோய் லாரியில் வைத்து மொத்தமாக விற்றுவிடலாம் போலிருந்தது.

அப்புறம் கேரளத்து வண்டிக்காரர்கள் அந்த உத்தரவுக்கு மேல்கோர்ட்டில் தடை வாங்கிவிட்டார்கள். பத்து வயது வண்டி பழையபடி கொச்சிக்குப் போகலாம். மீன் எப்போதும்போல வந்தது, வண்டிதான் ஊரில் இல்லை, பாதிப் பேர் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். வியாபாரிகள் எங்கள் முற்றத்தில் வந்து நின்று கேட்ட வாடகை கொடுத்தார்கள். அக்கா அன்று ரசவடை சுட்டாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் லாரிக்காரர்கள் கூட்டம் நடந்தது. அதில் அந்தப் புரோக்கரே மைக்கைப் பிடித்தார். "நான் எத்தன தடவ விளிச்சேன் தெரியுமா? மனுசன் போனையே எடுக்கல்ல. நான் வெலைய ஏத்திகிட்டே போறேன், ஆளு அசையணுமே! ஊரே பேடிச்சு ஓடிச்சு, இவரு ஒருத்தரு நின்னாரு. அதாக்கும் நெஞ்சுறப்பு!" மண்டபம் கைதட்டியது. அத்தானை மேடைக்கு இழுத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். பேசச் சொன்னார்கள். மைக்கைப் புரோக்கர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். தன்னடக்கம் என்று சொல்லி அதற்கும் கைதட்டினார்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்த வேடிக்கை அத்தோடு முடியாது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். விற்கலாமா, வைத்திருக்கலாமா, எந்த மாடல் வாங்கலாம் என்று அத்தானிடம் கேட்டுவிட்டுத்தான் மறுவேலை. எனக்குத் தெரியாது என்று அவர் சொன்னால், வாயைத் திறக்க மாட்டார், பெரிய ஆள் என்று பேசிக்கொண்டார்கள். அதற்குள் அடுத்த புகை விதி வரப்போகிறது, இன்னும் கடுமையாக இருக்கும், புது லாரி விலை இன்னும் ஏறும் என்று பேச்சு. மறுபடியும் எல்லோரும் பழைய வண்டிக்கு அலையத் தொடங்கினார்கள்.

குளச்சலில் மினி டெம்போ ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர், தன் குடும்பத்து மீன்பிடி வள்ளத்தில் இருந்த பங்கை விற்றுவிட்டு வந்தார். நெய்யாற்றங்கரைப் பக்கம் ஒரு பழைய லாரி பார்த்திருப்பதாகவும் அத்தான் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றும் விடாப்பிடியாக எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். வண்டி மோசமில்லை. ஆனால் அதுவும் பத்தை நெருங்கிய கேரளத்து வண்டி, அதுவும் மலிவு. அத்தான் அதைச் சுற்றி வந்தார். டெம்போக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேளுடே. எனக்கு உள்ளபடியே பேடியா இருக்கு. வள்ளத்த வித்த காசாக்கும். நீ வாங்காண்டாம்."

டெம்போக்காரர் ஒரு கணம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அண்ணனுக்கு பேடியா! கேட்டியளா கதைய! என்னைச் சோதிச்சுப் பாக்காரு!" வண்டி விற்கிறவர் சிரித்தார், அங்கே வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவரும் சிரித்தார். அத்தான் இல்லையில்லை என்று கையை ஆட்ட ஆட்ட அவர்கள் சிரிப்பு கூடிக்கொண்டே போயிற்று. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. டெம்போக்காரரை ஓரமாகக் கூட்டிக்கொண்டுபோய் இரண்டு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். டெம்போக்காரர் அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, அத்தானின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

அவர் வண்டியோடு தங்கிவிட்டதால், நாங்கள் இருவரும் பஸ்ஸில் திரும்பினோம். களியக்காவிளையில் பஸ் நின்றபோது அத்தான் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணைக்கு நான் பேடிச்சுப் போர்வைய மூடிட்டுக் கெடந்தேன்னு நீயாவது அவன்கிட்ட சொல்லியிருக்கப்பிடாதா மக்கா?"

"சொன்னேன் அத்தான். அதுக்குத்தான் அவன் ஒங்க கால்ல விழுந்தான்."