நான் கேட்காத ஒரு குரல்

கோடை லீவுதான் எங்கள் பக்கம் உப்பளத்தில் வேலை மும்முரமாக நடக்கும் காலம். அப்பா அம்மா விடியுமுன்னே உப்புப் பாத்திக்குப் போய்விட்டால் பிள்ளைகள் தெருவில்தான் கிடப்பார்கள். "லீவுல எல்லாம் மறந்துடுதுங்க, நீ கொஞ்சம் சொல்லிக் குடும்மா" என்று தலைமையாசிரியை கேட்டபோது, பிளஸ் டூ முடித்து, கல்யாணமாகி வீட்டோடு இருந்த எனக்குப் பெருமையாக இருந்தது. கோயில் மண்டபத்தில் காலையில் வகுப்பு ஆரம்பித்தேன். பள்ளியிலிருந்து கதைப் புத்தகங்கள் கொடுத்தனுப்பினார்கள்.

மூன்றாவது முடித்திருந்த என் மகள்தான் எனக்கு உதவி. புத்தகங்களை எடுத்துக் கொடுப்பாள். யாராவது வரியில் தடுக்கினால் சட்டென்று அடுத்த வார்த்தையைச் சொல்லிவிடுவாள். வாய்ப்பாட்டில் அவள் குரல்தான் உரக்கக் கேட்கும். வேலைக்குப் போய் வரும் பெண்கள், "டீச்சர் பொண்ணுன்னா சும்மாவா" என்பார்கள். நான் சிரித்துக்கொள்வேன்.

பள்ளி திறந்த அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பெற்றோர் முன்னால் தலைமையாசிரியை எனக்கு நன்றி சொல்லிவிட்டு, நாலாம் வகுப்புப் புதுப் புத்தகத்தை என் மகளிடம் நீட்டினார். "முதல் பாடத்தைப் படி பாப்பா."

அவள் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீ மொதல்ல படிம்மா. அப்புறம் நான் சொல்றேன்."

யாரோ சிரித்தார்கள். தலைமையாசிரியை மெதுவாக, "எழுத்துக் கூட்டிப் படி" என்றார். அவள் முதல் எழுத்தைச் சொன்னாள், இரண்டாவதில் நின்றுவிட்டாள். லீவு முழுக்க மற்ற பிள்ளைகள் படித்ததைக் காதால் கேட்டு அப்படியே மனப்பாடம் செய்திருக்கிறாள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. நிமிர்ந்து யாரையும் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "படிக்கத் தெரியலன்னு ஏண்டி சொல்லல?"

"எல்லாரையும் ஒவ்வொருத்தரா படிக்கச் சொன்ன. என்னை ஒரு நாள் கூடச் சொல்லல."

அவள் குறையாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் சாயந்திரம், உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு அக்கா வந்து, இனிமேல் பள்ளி விட்ட பிறகு வகுப்பு உண்டா என்று கேட்டார். அவர் மகள் அந்த லீவில்தான் சரளமாகப் படிக்கத் தொடங்கியிருந்தாள்.

"என் பொண்ணுக்கே சொல்லித் தரல. ஊர்ப் புள்ளைங்களுக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்லித் தர்றது, அக்கா?"

"அதுக்காக எங்க புள்ளைங்கள விட்டுடுவியா? உம் பொண்ணையும் அதுங்களோட உக்கார வை, அவ்ளோதான்."

வகுப்பைத் தொடர்ந்தேன். மகளிடமிருந்து உதவி வேலையைப் பிடுங்கி முன் வரிசையில் உட்கார வைத்தேன். யாரும் படித்திராத பக்கமாகப் பார்த்து அவளுக்குக் கொடுத்தேன். வாய்ப்பாட்டை நடுவிலிருந்து கேட்டேன். அவளுக்குப் பிடிக்கவில்லை. தன்னைவிடச் சின்னவர்கள் வேகமாகப் படிக்கும்போது தலையைக் குனிந்துகொள்வாள். சில நாள் அழுதாள். என்னால் வந்த அழுகை என்பது எனக்குத் தெரியும்.

மழை தொடங்கி உப்பு வேலை நின்ற சமயத்தில், பாண்டிச்சேரி பஸ்ஸில் போனபோது, கதவுக்கு மேலே எழுதியிருந்ததைத் திக்கித் திக்கித் தானாகவே படித்தாள். "படியில் பயணம் செய்யாதீர்." யாரும் அவளைப் படிக்கச் சொல்லவில்லை. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இப்போது நன்றாகவே படிக்கிறாள். ஆனாலும் கடைத்தெருவில் தலைமையாசிரியையைத் தூரத்தில் பார்த்தாலே, என் கால் தானாக அடுத்த சந்தில் திரும்பிவிடுகிறது.