ஒரு வருடப் பட்டதாரி

எங்கள் கல்லூரியில் புதுப் பாடத்திட்டம் வந்தபோது வகுப்பு வகுப்பாகப் போய் அதை விளக்கியவள் நான்தான். "ஒரு வருஷம் படிச்சிட்டு நிறுத்தினாலும் சர்டிபிகேட் உண்டு. எப்ப வேணா திரும்பி வரலாம்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினேன். இன்றைக்கு நினைத்தால் என் வாயிலேயே நாலு போடத் தோன்றுகிறது.

முன்பெல்லாம் ஒரு பெண் இரண்டு வாரம் வராவிட்டால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மரக்காணத்து உப்பளத்துக்கே போய்விடுவேன். அப்பன்களோடு சண்டை போட்டு, கெஞ்சி, எத்தனையோ பேரைத் திரும்ப இழுத்து வந்திருக்கிறேன். புதுத் திட்டத்தில் அந்த வேலையே இல்லை. "பாதியில நின்னுட்டாங்கன்னு எழுதாதீங்க மேடம், காலேஜுக்கு மார்க் கொறையும். அவங்களே விலகறதா ஃபார்ம் வாங்கிட்டு சர்டிபிகேட் குடுத்து அனுப்பிடுங்க" என்றார் முதல்வர். அனுப்பினேன்.

அப்படி அனுப்பியவர்களில் ஒருத்தி என் இயற்பியல் வகுப்புப் பெண். தப்பாகக் கணக்குப் போட்டால் என்னையே எழுந்து நின்று திருத்துவாள், திமிர் பிடித்தவள். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் உப்பளத்தில் கூலி வேலை. முதல் வருடம் முடிந்ததும் ஃபார்மோடு வந்தாள். "அம்மாவுக்கு முதுகு முடியல மிஸ். நான் உப்புப் பாத்திக்கு வேலைக்குப் போவணும். நெஜமாவே திரும்பி வரலாமா?"

"தாராளமா" என்று கையெழுத்துப் போட்டேன். துறைக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டிருந்தது. அவள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

அடுத்த வருடச் சேர்க்கை முடிய இரண்டு நாள் இருக்கும்போது அவளிடமிருந்து போன் வந்தது. "அம்மாவுக்கு இப்ப பரவால்ல மிஸ். ஆனா நீங்க வந்து சொன்னாத்தான் அப்பா அனுப்புவாரு."

அவர்கள் தெருமுனையிலேயே ஒரு பிளெக்ஸ், வெயிலில் வெளுத்துப்போய்த் தொங்கியது. 'எங்கள் தெருவின் முதல் பட்டதாரி.' நடுவில் அவள், வேறு யாருடைய தலையிலிருந்தோ வெட்டி ஒட்டிய பட்டமளிப்புத் தொப்பியோடு. மூலையில் கல்லூரி குரூப் போட்டோவிலிருந்து எடுத்த என் முகம். 'வாழ்த்தும் பேராசிரியை.' அட கடவுளே என்று அங்கேயே நின்றுவிட்டேன்.

அவள் அப்பா நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். "வாங்க மேடம், உக்காருங்க. உங்க புண்ணியத்துல படிச்சி முடிச்சிடுச்சி."

"இன்னும் முடிக்கலைங்க. ரெண்டு வருஷம் பாக்கி இருக்குது."

சிரித்தார். "வெளையாடாதீங்க மேடம். சீல் குத்திக் குடுத்திருக்காங்களே." சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் சர்டிபிகேட் இருந்தது.

"அது ஒரு வருஷத்துக்கு மட்டுங்க. அத வெச்சிக்கினு ஒரு வேலையும் கெடைக்காது."

சிரிப்பு நின்றது. உள்ளே போய் பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருந்த ஃபார்ம் நகலை எடுத்துவந்து நீட்டினார். "இது உங்க கையெழுத்துதான?"

"ஆமாங்க."

"பொண்ணு அப்பவே சொல்லுச்சி, இன்னும் முடியலப்பான்னு. பாத்தி வேலைக்கு டிமிக்கி குடுக்குதுன்னு நெனச்சேன். காலேஜு பொய் சொல்லுமாடின்னு கேட்டு அடிச்சிட்டேன் மேடம்."

அவள் வாசலில் உப்பு வாரும் பலகையோடு நின்றிருந்தாள்.

"இனிமே உங்க பேப்பர் எதையும் நம்பி அனுப்பமாட்டேன். போயிட்டு வாங்க" என்றார் அவர். நான் எவ்வளவோ கெஞ்சினேன். எந்த முகத்தோடு சண்டை போடுவது?

சேர்க்கை முடிந்தது. அவள் வரவில்லை. கல்லூரி அறிக்கையில் அந்த வருடம் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் ஒருவரும் இல்லை என்று இருக்கிறது. அந்தப் பக்கத்தை டைப் அடித்தவள் நான்.