நான் நிறுத்திய ஒப்பாரி

மட்டக்களப்புப் பக்கத்துப் பனிச்சங்கேணியில் நான் சபையை நடத்தும் உபதேசியாராக இருந்தபோது, ஞானஸ்நானம் பெற்றவர்களின் வீட்டில் ஒப்பாரி கூடாது என்று கட்டளையிட்டிருந்தேன். காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா மருந்து தீர்ந்துபோன ஒரு மாரிகாலத்தில், சபையைச் சேர்ந்த தங்கம்மாவின் மகன் காய்ச்சலில் இறந்தான். அவள் மாரடித்து அழத் தொடங்கியதும், வேதத்தில் இடிந்த நகரத்துக்கு வந்த தண்டனையை வாசித்து, "இது கடவுளின் நியாயத்தீர்ப்பு, வாயை மூடு" என்றேன். அவள் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

அடுத்த மாரியில் அதே காய்ச்சல் என் ஒரே மகளைக் கொண்டுபோனது. ஊர்ப் பெண்கள் வாவிக்கரையால் நடந்து வந்து, சவப்பெட்டியைச் சுற்றிப் பேசாமல் நின்றார்கள். யாராவது ஒப்பாரி தொடங்குவார்களா என்று என் மனைவி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"தங்கம்மா, ஒப்பாரி சொல்லு" என்று கெஞ்சினேன்.

"என்னால ஏலா ஐயா," என்றாள், கோபமே இல்லாமல். "என்ட புள்ளைக்குச் சொல்லாத ஒப்பாரிய உங்கட புள்ளைக்கு எப்பிடிச் சொல்லுற?"

வேதத்தைத் திறந்தேன். நான் தீர்ப்பு என்று வாசித்த அந்தப் பக்கம் முழுவதும் ஒப்பாரியாகவே இருந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த நகரம் கடவுளின் முகத்துக்கு நேரே கதறுகிறது. அதனிடம் வாயை மூடு என்று சொல்ல அங்கே உபதேசியார் எவனும் இல்லை.

உரக்க வாசிக்க முயன்றேன். குரல் வரவில்லை. நான் கட்டளையிட்டபடியே, ஒரு சத்தமும் இல்லாமல் என் மகளைப் புதைத்தோம்.